பேட்டரியை மாற்றும் முன் ஆம்பியர் கணக்குப் போடுங்கள்

டிராக்டர் பேட்டரி ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை என்ற புகாரை, வயலாய்வுக்குப் போகும் இடமெல்லாம் கேட்கிறேன். புகார் சொல்பவரின் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். முன்னால் கம்பெனி கொடுத்த இரண்டு விளக்குகள். கூரையில் முன்பக்கம் இரண்டு, ரோட்டவேட்டரைப் பார்க்கப் பின்பக்கம் இரண்டு. மட்கார்டில் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், தலைக்கு மேலே சின்ன விசிறி, பக்கத்தில் செல்போன் சார்ஜர். இத்தனைக்கும் மின்சாரம் தருவது இன்ஜின் ஓரத்தில் பெல்ட்டில் சுற்றும் ஒரே ஒரு ஆல்டர்னேட்டர். கம்பெனி அதைப் பொருத்தியபோது இந்தக் கூடுதல் சுமைகளைக் கணக்கில் எடுக்கவில்லை.

நான் உழவியல் படித்தவன், எலக்ட்ரீஷியன் அல்ல. ஆனாலும் இதைப் பற்றி எழுத ஒரு குறுவை இரவு காரணம். நாற்றுக்கு 22 நாள் ஆகியிருந்தது. முறைத் தண்ணீர் வந்த அன்று சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. நடு இரவில் டீசல் ஊற்ற இன்ஜினை நிறுத்தினார் ஓட்டுநர். மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை. சேற்றுக்குள் நிற்கும் டிராக்டரை யார் தள்ளுவது? காலையில் இன்னொரு வண்டி வந்து இழுப்பதற்குள் தண்ணீர் முறை அடுத்த வாய்க்காலுக்குப் போய்விட்டது. நடவு நான்கு நாள் தள்ளியது. குறுகிய கால நெல் ரகத்தில் நாற்றின் வயது கூடினால் தூர் குறையும். மேலுரம் போட்டு அதை முழுதாக ஈடுகட்ட முடியாது.

அந்த வண்டியின் கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். முன்விளக்கு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர். கூரையில் 55 வாட் ஹாலஜன் நான்கு, 18 ஆம்பியர். பின்விளக்கு, மீட்டர் விளக்குகள் 3. விசிறி, சார்ஜர் 4. பாட்டைச் சத்தமாக வைத்தால் ஆம்ப்ளிஃபயருக்கு 15. (பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள், அதில் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது என்று பாருங்கள்.) ஆக மொத்தம் 50. நம் ஊரில் ஓடும் 40, 50 குதிரைத்திறன் டிராக்டர்களில் பெரும்பாலும் 35 முதல் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான் இருக்கிறது. அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கிடைக்கும் அளவு. ஐடிலிங்கில் பாதிகூட வராது. பற்றாக்குறையைப் பேட்டரி கொடுத்துக்கொண்டே இருக்கும். அரைகுறை சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியில் தகடுகளின் மேல் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய நிலைக்கு வராது.

இந்த நிலையில் எல்லோரும் செய்வது பெரிய பேட்டரி வாங்குவது. என் கருத்தில் அது வீண் செலவு. போர் மோட்டார் தரும் தண்ணீர் போதவில்லை என்றால் தொட்டியைப் பெரிதாகக் கட்டி என்ன பயன்? இறைப்பது கூடாது. தொட்டி காலியாவது சிறிது தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

முதலில் செலவைக் குறையுங்கள். நான்கு ஹாலஜனுக்குப் பதில் 18 வாட் எல்.இ.டி. நான்கு போட்டால் 18 ஆம்பியர் 6 ஆகிவிடும். வயலுக்குள் கூரை விளக்கு எரியும்போது முன்விளக்கை அணைத்தால் இன்னும் 10 மிச்சம். பல வண்டிகளுக்கு இத்துடனே பிரச்சினை தீர்ந்துவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பதை மட்டும் விட வேண்டும். 15 ஆம்பியர் வீதம் நான்கு மணி நேரம் கேட்டால் 60 ஆம்பியர்-மணி போய்விடும். 88 ஆம்பியர்-மணி பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்?

இரவு பகலாக வாடகைக்கு ஓடுபவர்கள், 12 வோல்ட் தெளிப்பு மோட்டார்களும் மாட்டியிருப்பவர்கள் ஆகியோருக்குப் பெரிய ஆல்டர்னேட்டர் தேவைப்படலாம். அதை மட்டும் மாற்றி விட்டுவிடாதீர்கள். 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழுச் சுமையில் ஓடும்போது பெல்ட்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு குதிரைத்திறனை எடுக்கும். பல டிராக்டர்களில் ரேடியேட்டர் விசிறியும் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகின்றன. பெல்ட் வழுக்கினால் சார்ஜ் குறைவதோடு நிற்காது, இன்ஜினும் சூடேறும். கீச்சென்ற சத்தம், புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள், இவை தெரிந்தால் உடனே கவனியுங்கள்.

அடுத்தது ஒயர். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் 3 மீட்டர் ஒயர் 6 சதுர மி.மீ. செம்பாக இருந்தால், 60 ஆம்பியர் போகும்போது அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு சுமார் 0.2 வோல்ட். அரை வோல்ட் தானே என்று நினைக்க வேண்டாம், 14.2-க்கும் 13.7-க்கும் உள்ள இடைவெளியில்தான் பேட்டரி நிறைவதும் நிறையாததும் இருக்கிறது. எர்த் ஒயரையும் அதே தடிமனில் போட்டு, பெயிண்டைச் சுரண்டி இறுக்குங்கள். டேஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் வைத்த பழைய வண்டி என்றால் முழுக் கரண்ட்டும் அதன் வழியாகப் போகும். அந்தச் சின்ன மீட்டர் புதிய அளவைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் அது போகக் கூடாது. அடிக்கடி போகிறதே என்று செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பவர்கள் நிறையப் பேர். வைக்கோல் கட்டும் இயந்திரம் இழுக்கும் வண்டியில், சுற்றிலும் காய்ந்த வைக்கோல் பறக்கும்போது, தோல் உரிந்த ஒரு ஒயர் இரும்பில் பட்டால் போதும். பேட்டரி, வண்டி, பக்கத்து வயல் எல்லாம் ஒன்றாக எரியும்.

விற்பனை நிலையங்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. குதிரைத்திறன், கியர், தூக்கும் திறன் எல்லாம் சொல்கிறார்கள். ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்று நீங்கள் கேட்டால்தான் தேடிச் சொல்கிறார்கள். வாங்கும்போதே கேளுங்கள். வாரண்டி இருக்கும்போது கூடுதல் விளக்கு மாட்டுவதாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த பயிற்சிக்குச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துப் போகலாம். இரவு முழுதும் ஓய்ந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. இன்ஜினை வேலை வேகத்தில் வைத்து, எல்லாச் சுமைகளையும் போட்டுப் பார்க்க வேண்டும். 13.5-க்கு மேல் நின்றால் நல்லது. 13-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டர் ஈடுகொடுக்கவில்லை. ஆல்டர்னேட்டர் முனையில் 14.2, பேட்டரி முனையில் 13.5 என்று வந்தால் கோளாறு ஒயரிலோ இணைப்பிலோதான்.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி, டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். யாராவது ஸ்பேனரோடு வந்தால் மீட்டரைக் கையில் கொடுங்கள்.