மனௌஸ் நகரில் இரண்டு நாள்

பிரேசில் நாட்டில், நீக்ரோ ஆற்றங்கரையில் அமைந்துள்ளது மனௌஸ் நகரம். இரண்டு நாளில் அதனைக் காணச் செல்வோர், 1896இல் திறக்கப்பட்ட அமேசோனாஸ் நாடக அரங்கையே முதலில் நாடுவர். நான் அவ்வரிசையை மாற்றச் சொல்வேன். இரப்பர்ப் பணத்தில் எழுந்த மாளிகை அது. அப்பணத்தை ஈட்டித் தந்தவனின் குடிலை முதல் நாளே காண்பதன்றோ முறை? நகரிலிருந்து படகேறினால் இரப்பர்க் காட்டு அருங்காட்சியகத்தை அடையலாம். திறந்திருக்கும் நாளை முன்னரே கேட்டறிதல் நலம். மாவு முதல் கத்தி வரை முதலாளியின் கடையிலேயே கடனாக வாங்கி, அக்கடன் தீராமலே பால் வெட்டியோரின் வாழ்வை அங்கு அறியலாம். நம் தோட்டத்து மரங்களும், 1876இல் விக்காம் என்பார் அமேசான் காட்டிலிருந்து கொண்டுசென்ற விதைகளின் வழிவந்தவையே. கடைக் கணக்கோ, நம் பாட்டன்மாரும் அறிந்ததுதான்! மறுநாள் காலை, கறுநிற நீக்ரோவும் மண்ணிறச் சோலிமோயெஸும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் கலவாது ஓடும் காட்சி. நாடக அரங்கிற்கு மாலைப் பொழுது போதும்.