பாடியவர் பெயரைக் கேளுங்கள்

போனி எம் குழுவின் பாபி ஃபேரல் எங்கே, எந்தத் தேதியில் இறந்தார்? பழைய பாப் பாடல் வினாடி வினாக்களில் இந்தக் கேள்விக்குத் தனி மவுசு உண்டு. 2010 டிசம்பர் 30, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று விடை சொன்னதும் அரங்கமே சிலிர்க்கும். ரஷ்யச் சாமியார் ரஸ்புதின் 1916-ல் கொல்லப்பட்டதும் அதே ஊரில், அதே தேதியில். அவரைப் பற்றிய போனி எம்மின் ‘ரஸ்புதின்’ பாட்டுக்கு ஊர் ஊராகப் போய் ஆடியவர்தான் ஃபேரல். அந்தப் பாட்டில் கேட்கும் கட்டைக் குரல் யாருடையது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனின் குரல். ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியவர் அவர், மேடையில் வாயசைத்து ஆடியவர் ஃபேரல். தேதிப் பொருத்தத்தைவிட எனக்கு இதுதான் முக்கியமான தகவல்.

எண்பதுகளின் பிற்பகுதியில் தஞ்சாவூரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவன் நான். துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பதிந்துகொடுப்போம். உள்ளே வைக்கும் அட்டையில் பாட்டு, படம், பாடியவர் மூன்றையும் பொடி எழுத்தில் எழுதுவது என் பொறுப்பு. ஜானகி பாடியதற்குச் சித்ரா என்று எழுதிக்கொடுத்தால் வாடிக்கையாளர் கடை வாசலைத் தாண்ட மாட்டார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த காது அது. ஆங்கிலப் பாட்டு என்றால் குழுவின் பெயரோடு அட்டை முடிந்துவிடும். அதற்கு மேல் எழுத இசைத்தட்டு உறையிலேயே ஒன்றும் இருக்காது.

மேற்கே இந்த மறைப்பு வெளிச்சத்துக்கு வந்தது மில்லி வனில்லி என்ற இரட்டையரால். 1989-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிஸ்டல் ஊரில் கச்சேரி. ராப் பிலாட்டஸ், ஃபேப் மார்வன் என்ற இரு இளைஞர்களும் ஆடிக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஓடிய பதிவு சிக்கிக்கொண்டது. பல்லவியின் அரை வரியே திரும்பத் திரும்ப ஒலித்தது. சிறிது நேரம் அதற்கும் வாயசைத்துப் பார்த்த பிலாட்டஸ் மேடையை விட்டே ஓடினார். 1990 பிப்ரவரியில் அவர்களுக்குக் கிராமி விருது கிடைத்தது. அவர்கள் பாடவே இல்லை என்று நவம்பரில் ஃபாரியன் ஒப்புக்கொள்ள, விருது பறிக்கப்பட்டது. ஆமாம், போனி எம்மை உருவாக்கிய அதே ஃபாரியன்தான்.

உலகமே அந்த இருவரையும் காறித் துப்பியது. எனக்கு அப்போதும் அது அநியாயமாகத்தான் பட்டது. வாயசைப்பது குற்றம் என்றால் நம் சினிமாவில் ஒருவர் மிஞ்சுவாரா? நடிகர் ஒருவர், குரல் இன்னொருவருடையது என்பது நமக்குச் சகஜம். படம் தொடங்கும்போதே பின்னணி பாடியவர்கள் என்று பெயர் போட்டுவிடுகிறோம். அந்த வழக்கமும் தானாக வந்துவிடவில்லை. 1949-ல் ‘மஹல்’ இந்திப் படப் பாடலின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பெயருக்குப் பதில் கதாநாயகி பாத்திரத்தின் பெயரான காமினி என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். யார் பாடியது என்று வானொலி நேயர்கள் கேட்கப்போய்த்தான் லதாவின் பெயர் வெளியே வந்தது. மில்லி வனில்லி விஷயத்தில் உண்மையான குற்றம், பாடிய சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹவல் ஆகியோரின் பெயர்களைப் பாடகர்களாகப் போடாமல் அமுக்கியது. அதைச் செய்த ஃபாரியன் தொண்ணூறுகளிலும் வெற்றிப் பாடல்கள் தயாரித்துக்கொண்டிருந்தார். அவமானத்தைச் சுமந்த பிலாட்டஸ் 1998-ல் ஃபிராங்ஃபர்ட் அருகே ஒரு ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார்.

பெண் குரல்களுக்கு நடந்தது இன்னும் மோசம். 1989-ல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிள், இத்தாலியக் குழுவான பிளாக் பாக்ஸின் ‘ரைடு ஆன் டைம்’. டிவியில் அதற்கு வாயசைத்தவர் கத்ரின் கினோல் என்ற மாடல். குரலோ, லொலீட்டா ஹாலவே 1980-ல் ‘லவ் சென்சேஷன்’ பாட்டில் அடிவயிற்றிலிருந்து பாடியது. அதிலிருந்து துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். ‘பம்ப் அப் த ஜாம்’ பாட்டிலும் இதே கதைதான்: உறையில் இருப்பவர் ஃபெல்லி, பாடியவர் யா கிட் கே.

மார்த்தா வாஷ் மட்டும் சும்மா இருக்கவில்லை. ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரல் மறக்காது. டோனா சம்மர் உள்ளிட்டோர் வேண்டாம் என்று தள்ளிய பாட்டை, இஸோரா ஆர்ம்ஸ்டெட்டுடன் சேர்ந்து தூக்கி நிறுத்தியவர் அவர். பிளாக் பாக்ஸ் ஆல்பத்திலும், 1990-ல் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் பெரிய ஹிட்டிலும் அவர் குரலை வைத்துக்கொண்டு, ஒல்லியான வேறு பெண்களைத் திரையில் ஆடவிட்டார்கள். வாஷ் வழக்குப் போட்டார். சமரசத்தின் ஒரு பகுதியாக, குரல் மார்த்தா வாஷ் என்று அந்த ஹிட்டின் வீடியோவில் எழுத்துப் போட வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் பாடியவர் பெயர் போடுவதில் அக்கறை காட்டின.

இன்று எஃப்எம்மிலும் கல்லூரி விழாக்களிலும் எண்பதுகளின் பாட்டுக்குப் பெரிய கிராக்கி. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள்கூட ஆண்டும் தரவரிசையும் தலைகீழாகச் சொல்கிறார்கள். கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடமும் நிகழ்ச்சித் தொகுப்பாளர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ‘ரைடு ஆன் டைம்’ யார் பாடியது என்று கேட்டுவிட்டு, பிளாக் பாக்ஸ் என்ற விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்காதீர்கள். குழுவுக்குப் பாதி கொடுங்கள். லொலீட்டா ஹாலவே என்று ஒரு மாணவி சொன்னால் மீதிப் பாதியையும் கொடுத்து, அவருடைய பழைய பாட்டை அரங்கத்தில் ஒருமுறை முழுதாகப் போடுங்கள்.