புல்லட் உதைத்த கதை, அல்லது இன்ஜினை இறக்காதீங்க மக்களே

கணுக்காலில் கட்டோடு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்குப் பெரியகுளம் போன இடத்தில் அப்பாவோட புல்லட்டை ஒரு உதை உதைத்தேன். அது திருப்பி உதைச்சிருச்சு :-)

1989 மாடல். 350 சிசி, வார்ப்பிரும்பு இன்ஜின், வலது காலில் கியர், பாயிண்ட்ஸ் இக்னிஷன். ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சி தாண்ட விட்டு, அப்புறம் முழுசா ஒரே உதை. இந்தச் சடங்கை ஒழுங்கா செய்தால் முதல் உதையிலேயே எழுந்துவிடும் வண்டி.

பொங்கலுக்கு மறுநாள் சும்மா ஒரு ரவுண்டு போலாம்னு தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி வழியா காட்ரோடு வந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறினேன். டம்டம் பாறைக்குக் கீழேயே ஆரம்பிச்சது. டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கின மாதிரி 'கிணிகிணிகிணி'. ஆக்ஸிலேட்டரை விட்டால் சத்தம் இல்லை. முறுக்கினால் மறுபடி வருது. திரும்பி இறங்கி மெதுவா வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணப் போய்த்தான் இந்தக் கட்டு.

ஊரில் ரெண்டு மெக்கானிக் பார்த்தாங்க. ஒருத்தர் வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணலை. சத்தம்னு சொன்னதுமே, "பிக் எண்ட் போயிருச்சு தம்பி, இன்ஜினை இறக்கிரலாம்"னார். இன்னொருத்தர் போர் போட்டு பிஸ்டன் மாத்தணும்னார். பக்கத்து வீட்டு அண்ணன், "எல்லாம் இந்த இ20 பெட்ரோல் பண்ற வேலைப்பா"னார். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாதுதான், ஆனா அது ஆக்டேனை ஏத்தும். அதனால நாக்கிங் குறையணுமே தவிர கூடக்கூடாதுண்ணே.

இங்கேதான் எனக்கு ஒரு கருத்து இருக்கு. பழைய வண்டியில் சத்தம் வந்தால் இன்ஜினை இறக்குவது கடைசி வேலையா இருக்கணும். நம்ம ஊரில் அதுதான் முதல் வேலை. முப்பது வருஷமா ஒண்ணோடொண்ணு தேய்ந்து பழகின பாகங்களைப் பிரிச்சுப் போட்டு, கிடைக்கிற டூப்ளிகேட் சாமானைப் போட்டு மூடினால் அது அந்த வண்டியே இல்லை. அதுக்கு இருபதாயிரம் பில் வேற. மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்லவும் முடியலை. ஃப்யூயல் இன்ஜெக்ஷனில் தொழில் பழகின பையன் பாயிண்ட்ஸை எங்கே பார்த்திருப்பான்?

சத்தம் எப்போ வருதுன்னு கேட்டாலே பாதி நோய் தெரிஞ்சிரும். டேப்பெட் சத்தம் ஐடிலிங்லயே லேசா 'டிக்டிக்'னு கேட்கும். குளிர்ந்த இன்ஜினில் புஷ்ராடை விரலால் சுத்தினால் சுத்தணும், ஆனா மேலேயும் கீழேயும் ஆடக்கூடாது. சரிபார்க்க அவ்வளவுதான். பிஸ்டன் ஆட்டம் குளிரில் கேட்டு, சூடானதும் அடங்கும். பிக் எண்ட் போனால் அடிவயித்திலிருந்து 'டொக் டொக்'. ஏத்தத்தில் மட்டும் வந்து, ஆக்ஸிலேட்டரை விட்டதும் போற கிணிகிணி இதில் எதுவுமே இல்லை. அது ஸ்பார்க் நேரத்துக்கு முன்னாடியே அடிக்கிற சத்தம்.

இதையெல்லாம் அன்னைக்கு நானா கண்டுபிடிச்சேன்னு பீலா விட மாட்டேன். திண்ணையில் பேப்பர் படிச்சிட்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே கேட்டார்: "முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானடா ஓடுச்சு. ஒரே ராத்திரியில பேரிங் தேயுமா?"

சுருக்குன்னு பட்டுச்சு. ஆபீஸில் ஒரே நாளில் ரெண்டு பக் முளைத்தால் ரெண்டுக்கும் பொதுவான இடத்தைத்தானே முதலில் தோண்டுவோம்? சத்தமும் ஸ்டார்ட்டிங் பிரச்சினையும் ஒண்ணாத்தானே வந்துச்சு? ரெண்டுக்கும் பொதுவான இடம் டைமிங்.

சிலிண்டருக்குப் பின்னாடி இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டினேன். பாயிண்ட்ஸ் இடைவெளி 15 தௌ, சரியா இருந்தது. நடுவில் இருக்கிற கேமை விரலால் திருகி விட்டால் ஸ்பிரிங் இழுத்து டக்குனு பழைய இடத்துக்கு வரணும். இது தொளதொளன்னு அங்கேயே நின்னுச்சு. தட்டைக் கழட்டிப் பார்த்தால், அடியில் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளைப் பிடிச்சிருக்கிற ரெண்டு குட்டி ஸ்பிரிங்கில் ஒண்ணு அறுந்து கிடக்கு.

வேகம் கூடக் கூட அந்த எடைகள் விரிந்து ஸ்பார்க்கை முன்னாடி தள்ளும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் பின்னாடி இழுக்கும். இழுக்க ஆள் இல்லைன்னா ஸ்பார்க் எப்பவும் முன்னாடியே நிக்கும். மெதுவா உதைக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குள்ள வெடிச்சு, கிக்கரோடு சேர்த்து என் காலையும் திருப்பி எறிஞ்சிருக்கு. ஏத்தத்தில் கிணிகிணியும் அதேதான்.

பரணில் கிடந்த பழைய டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ரெண்டு ஸ்பிரிங்கையும் எடுத்து மாட்டினேன். ஒண்ணு மட்டும் மாத்தினால் இழுவை சமமா இருக்காது. செலவு, கை கழுவின சோப்பு.

சாயங்காலம் டம்டம் பாறை வரைக்கும் மறுபடி போனோம். சத்தமே இல்லை. மேலே நிறுத்தினப்போ ஐடிலிங் 'டுப்... டுப்...'னு இறங்கி நின்னுச்சு. அப்பாதான் ஓட்டினார். எனக்குத்தான் கால் இல்லையே, பின்னாடி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்னுட்டு வந்தேன்.