மீட்டர் நம்ம வீட்ல, சுவிட்ச் பக்கத்து வீட்ல!

"காவிரிக்குத்தான் ஆணையம் வந்துடுச்சே, இன்னும் என்னங்க பிரச்னை?" டெல்டா பக்கம் சொந்தம் இல்லாத நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. நியாயமான கேள்விதான். ரெண்டு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க.

2018 ஜூன் 1 அன்று மத்திய அரசிதழில் அறிவிக்கப்பட்டது காவிரி நீர் மேலாண்மை ஆணையம். அதன் கீழ் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு. மேலாண்மை, ஒழுங்காற்று... கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டுப்பாடு யார் கையில்?

நான் படிச்சது இன்ஜினியரிங். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரை அரியர் வெச்சுத்தான் பாஸ் பண்ணேன், ஆனாலும் ஒரு விஷயம் மறக்கல. சென்சார் மட்டும் இருந்தா அது கண்காணிப்பு. அளந்ததை வெச்சு வால்வைத் திருப்புற கை இருந்தாத்தான் கன்ட்ரோல். மாடி டேங்க் மீட்டர் உங்க வீட்ல, மோட்டார் சுவிட்ச் பக்கத்து வீட்ல இருந்தா என்ன ஆகும்? டேங்க் காலின்னு தெளிவாத் தெரியும். தண்ணி வராது.

காவிரியும் அப்படித்தான். சாதாரண ஆண்டில் பிலிகுண்டுலுவுக்கு 177.25 டிஎம்சி வரணும்னு உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 என்று மாதக் கணக்கும் உண்டு. இது நம்ம உரிமை. ஆனா கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கின் மதகையும் இயக்குவது கர்நாடக அரசின் பொறியாளர்கள். உத்தரவு மீறப்பட்டால் ஆணையம் மத்திய அரசிடம் உதவி கேட்கலாம். அவ்வளவுதான்!

2023 ஞாபகம் இருக்கா? குறுவை காய்ந்துகொண்டிருந்தது. விநாடிக்கு 5,000 கனஅடி திறக்கணும்னு உத்தரவு. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்தது. பெங்களூருவில் பந்த் நடந்தது. அடுத்த உத்தரவு 3,000 கனஅடி. மண்டியா விவசாயி நமக்கு எதிரி இல்லை, அவருக்கும் அன்று மழை இல்லை. குறைவை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை.

முல்லைப் பெரியாறில் நிலைமை தலைகீழ். அணை இருப்பது கேரள மண்ணில், இயக்குவது தமிழ்நாடு. தேனிக்குத் தண்ணி போகுது.

மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன் நாம் கேட்பது இரண்டு. மழை குறைந்த ஆண்டுக்கான பங்கீட்டுக் கணக்கை எழுத்தில் முடிவு செய்யுங்கள். நான்கு அணைகளின் மதகுகளையும் ஆணையத்தின் நேரடி இயக்கத்தில் கொண்டுவாருங்கள்.

#காவிரி #மதகு_யார்_கையில்