கடலுக்கு எல்லை ஏது?

2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் சுமத்ராவை அடுத்த கடலடியில் பூமி அதிர்ந்தது. அங்கே கிளம்பிய பேரலை நாகப்பட்டினத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஆயினும் கரையிலிருந்த ஜனங்களுக்கு எச்சரிக்கையாக ஒரு சொல்லும் எட்டவில்லை. பஸிபிக் சமுத்திரத்துத் தேசங்கள் 1965-லேயே ஒன்றுகூடி எச்சரிக்கை ஏற்பாடு செய்துகொண்டன. இந்து மகாசமுத்திரத்துத் தேசங்கள் வாளாவிருந்தன. அதன் பலனை நம் மீனவர் குடும்பங்கள் அனுபவித்தன.

2005-ல் யுனெஸ்கோவின் ஆதரவில் நம் சமுத்திரத்துக்கும் பொது ஏற்பாடு தோன்றிற்று. 2007-ல் ஹைதராபாத்தில் நமது நிலையம் ஏற்பட்டது. இந்தியா, இந்தோனேஷியா, ஆஸ்திரேலியா மூன்றும் பிற தேசங்களுக்கும் எச்சரிக்கை அனுப்புகின்றன. கடலடியிலுள்ள கருவி நீரின் அழுத்த மாறுதலை மிதவைக்கு அறிவிக்க, மிதவை அதைச் செயற்கைக்கோள் வழியே கரை சேர்க்கிறது.

நம் கடலின் விவரங்களை அந்நியருக்கு அளிப்பது தேசத்துக்கு இழுக்கென்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. பேரலை எத்தேசத்தின் அனுமதியையும் கேட்டு வருவதில்லை. கொடுப்பவனுக்கே கேட்கும் உரிமையுண்டு. ஆனால், அந்நிய யந்திரங்களையே என்றும் நம்பியிருப்பது ஒத்துழைப்பன்று, அண்டிப் பிழைத்தலேயாகும். 1993-ல் சென்னையில் நிறுவப்பெற்ற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் மிதவைகளைக் கடலில் நிறுவிப் பராமரித்து வருகிறது. அதற்கு வேண்டிய பொருளைச் சர்க்கார் தாராளமாக அளித்தல் வேண்டும்.

நடுக்கடலில் மீன்பிடி கலங்களால் மிதவைகள் சேதமுறுவதும் உண்டு. தேசத் தொண்டர்கள் கடற்கரைக் குப்பங்களுக்குச் சென்று அவற்றின் பயனை விளக்குவார்களாக. ஹைதராபாத்தில் பிறக்கும் எச்சரிக்கை கடைசிக் குடிசையை எட்டாவிடில், தேசங்கள் கூடிச் செய்த ஏற்பாடெல்லாம் வீணே.