அந்த அரைமணி யாருடையது?

பைப் பிடிப்பது தியானம் மாதிரி என்று சிலாகிக்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: அந்த அரைமணி நேரம் உங்கள் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

பைப் அவசரத்துக்கு ஆகாது, வாஸ்தவம்தான். புகையிலையைப் பதமாகத் திணிக்கணும், அணைந்தால் மறுபடி பற்றவைக்கணும், ஆறவிட்டுச் சுத்தம் செய்யணும். இந்த நிதானத்தின் மேல் இலக்கியத்துக்கு ஒரு தீராத காதல். ஜார்ஜ் சிமெனோனின் கமிஷனர் மெக்ரே பைப்பும் கையுமாக யோசிப்பார். வீட்டில் மேடம் மெக்ரே சமைத்துவைத்துக் காத்திருப்பார். மேடத்தின் ஓய்வைப் பற்றி எந்த ரசிகர் உருகியிருக்கிறார்?

அது பாரீஸ் கதை என்கிறீர்களா? நம்மூர்க் கணக்கையே பாருங்கள். இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அதில் நாளொன்றுக்கு 299 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 97. அதுவும் அந்த வேலையில் கைவைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

புகையிலை உடம்புக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும், அதில் நான் தலையிடவில்லை. என் சண்டை அந்த அரைமணியோடு. குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பவருக்கும் தினம் அதே அரைமணியைக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் தியானம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.