எடை பார்க்கும் நேரம் நிர்வாகிகளுக்குக் கிடையாதா?



ஜூலையில் கிளாஸ்கோ காமன்வெல்த், செப்டம்பரில் ஜப்பானில் ஆசிய விளையாட்டு. குத்துச்சண்டைப் பிள்ளைகள் தயாராகிறார்கள். சம்மேளனம்?

2012 டிசம்பரில் தேர்தல் குளறுபடிக்காக இந்தியாவைச் சர்வதேச சங்கம் இடைநீக்கம் செய்தது. 2013 உலகப் போட்டியில் நம் பையன்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் மோதினார்கள். பாடம் படித்தார்களா? 2025 பிப்ரவரியில் நிர்வாகிகள் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் ஆகஸ்டில்! நடுவில் கோர்ட், இடைக்காலக் குழு.

அடுத்த மாதமே லிவர்பூலில் ஜாஸ்மினும் மீனாட்சியும் உலகத் தங்கம் வென்றார்களே, அது நிர்வாகச் சாதனைதானே என்கிறார் என் மருமகன். பரீட்சையை ஆறு மாதம் தள்ளிப்போட்ட பள்ளியில் ஒரு பெண் முதலிடம் வந்தால் மாலை தலைமையாசிரியருக்கா, மாப்பிள்ளை?

எடை பார்க்க நேரத்துக்கு வராத வீரரை வளையத்துக்குள் விடமாட்டார்கள். கெடுவுக்குள் தேர்தல் நடத்தாதவர் மறுபடி நிற்கக்கூடாதென்று விதி எழுதட்டும்.